கரித்துண்டுக்குள் ஒரு கண்மாய்

நரிக்குடிப் பக்கம் ஒரு செடி தண்ணீர் மிஞ்சிச் செத்தது என்று சொன்னால் நம்ப ஆள் கிடைக்காது. கண்மாய் பெருகினால் அந்த வருடம் நல்ல வருடம், பெருகாவிட்டால் கெட்ட வருடம் என்று எண்ணிப் பழகிய ஊர். இலை வாடினால் கை தானாகச் செம்பைத் தேடும். என் கையும் அப்படித்தான் தேடியது.

கொடைக்கானல் போய்த் திரும்பும்போது ஒரு நாற்றுப்பண்ணையில் நாணல் போல நெட்டையாக நின்ற ஆர்க்கிட் ஒன்றை வாங்கி வந்தேன். உச்சியில் செம்மஞ்சள் பூக்கொத்து. கரிசல் மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்த தொட்டியில் நட்டு, காலையும் மாலையும் ஒரு செம்புத் தண்ணீர் விட்டேன். மூன்றாம் வாரம் இலைகள் சுருங்கின. தாகம் என்று நினைத்து உச்சிப்பொழுதில் இன்னொரு செம்பு சேர்த்தேன். ஐந்தாம் வாரம் தண்டைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வேர்கள் பழுப்பேறியிருந்தன. விரலால் உருவினால் தோல் கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. மண்ணோ பிழிந்தால் சொட்டும் ஈரம். அத்தனை ஈரத்துக்குள் நின்றுகொண்டு அந்த இலை தண்ணீர் கிடைக்காமல் வாடியிருக்கிறது.

இதற்கு விடை தேடப்போய்த்தான் தொட்டிக்குள் எதை நிரப்புவது என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப்பட்டது. தோட்டக்காரர்கள் அதை ‘மீடியா’ என்கிறார்கள். நான் தொட்டிக் கலவை என்றே எழுதுகிறேன்.

வேர் தண்ணீர் குடிக்கிறது என்பதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். வேர் மூச்சும் விடுகிறது என்பது நம் மனதில் அவ்வளவாகப் பதிவதில்லை. இலை பகலில் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனை வெளியிட்டாலும், இருட்டில் கிடக்கும் வேருக்கு அந்த வசதி இல்லை. தன்னைச் சுற்றியுள்ள இடைவெளிக் காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுத்தாக வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது 7.5 மில்லிகிராம்தான். இருக்கும் அந்தக் கொஞ்சமும் வேகமாக வந்து சேராது. காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் அது பரவும் வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வேரைச் சுற்றியுள்ள இடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால், கதவு சன்னல் எல்லாம் சாத்திய அறையில் கூட்டத்தைப் பூட்டிவைத்தது போலத்தான். முதலில் வேர் சாகிறது. வேர் செத்தபின் சுற்றிலும் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் மேலே ஏற்றித்தர ஆள் இல்லை. இலை வாடுகிறது. நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறோம்.

வெயில் இந்த மூச்சடைப்பை இன்னும் கடுமையாக்குகிறது. சூடு பத்து டிகிரி ஏறினால் வேரின் சுவாசம் ஏறக்குறைய இரட்டிக்கும். கொடைக்கானலின் 18 டிகிரியில் வாழ்ந்த வேரை நரிக்குடியில் 38 டிகிரி தொட்டிக்குள் வைத்தால் அதற்கு மூன்று, நான்கு மடங்கு ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜனோ குறைந்துகொண்டே போகும். தேவை ஏறுகிறது, வரத்து குறைகிறது. மலையில் ஓரளவு தாக்குப்பிடிக்கும் ஈரக்கலவை நம் ஊரில் வேரைக் கொல்வதற்கு இதுதான் காரணம். வறண்ட சீமை என்பதால் நீரைப் பிடித்துவைக்கும் மண்ணாகப் பார்த்துத் தேடிய என் கணக்கு தலைகீழாக இருந்தது.

இந்தத் தவறை எனக்கு முன்பே பெரிய அளவில் செய்தவர்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பநாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாக ஆர்க்கிட்டுகள் போயின. அவற்றைக் கனத்த மண்ணில் புதைத்து, புழுக்கமான கண்ணாடி வீடுகளில் அடைத்தார்கள். பெரும்பாலானவை செத்தன. 1830களில் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜோசப் பாக்ஸ்டன் போன்றவர்கள் கண்ணாடி வீட்டுக்குள் காற்றோட்டம் விட்டு, சூட்டையும் தணித்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

இனி நம் செடிக்கு வருவோம். நாற்றுப்பண்ணையில் இதை ‘எபிடெண்ட்ரம்’ என்றே கேட்டு வாங்கலாம். தண்டு நாணலைப் போல ஒல்லியாக உயர்வதால் நாணல்தண்டு ஆர்க்கிட் என்று சொல்லிக்கொள்வோம். மற்றப் பல ஆர்க்கிட்டுகளில் நீரைச் சேமிக்கும் பருத்த போலிக்கிழங்கு இருக்கும். இதில் அது கிடையாது. எபிடெண்ட்ரம் என்ற கிரேக்கப் பெயருக்கு மரத்தின் மேல் என்று பொருள். ஆனால் இந்த நாணல் கூட்டத்தில் பெயர்பெற்ற எபிடெண்ட்ரம் ராடிகன்ஸ் மத்திய அமெரிக்காவில் சாலையோரச் சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும் புல்லோடு புல்லாக, முழு வெயிலில், களை போல வளர்வது. அங்கே அதோடு சேர்ந்து நிற்பவை நாமும் அறிந்த உண்ணிச்செடியும் எருக்கின் உறவான ஒரு பூச்செடியும். மூன்றின் பூவும் ஏறக்குறைய ஒரே செம்மஞ்சள் நிறம். தேன் இல்லாத இந்த ஆர்க்கிட் தேனுள்ள மற்ற இரண்டின் வேடத்தைப் போட்டு வண்ணத்துப்பூச்சியை ஏமாற்றுகிறது என்று ஓர் அழகான கருத்து இருந்தது. 1981இல் பாலெட் பியர்சிசுடெக் என்ற தாவரவியலாளர் அதைக் களத்தில் சோதித்தபோது எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை. நம் தொட்டிக்கு இதில் வேலையில்லை. ஆனால் அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாத அந்த மனப்பாங்கு தொட்டிக் கலவை விஷயத்திலும் நமக்குத் தேவைப்படும்.

1888இல் இங்கிலாந்தின் வீட்ச் நாற்றுப்பண்ணையார் ராடிகன்ஸைத் தாயாகவோ தந்தையாகவோ வைத்து, எவெக்டம் என்ற இனத்தோடு கலந்து ஓப்ரியனியானம் என்ற கலப்பினத்தை உண்டாக்கினார்கள். அதற்குப் பின்னும் கலப்பு நடந்துகொண்டே இருக்கிறது. ராடிகன்ஸ் என்றால் வேர்விடுவது என்று பொருள். பொருத்தமான பெயர். தண்டின் கணுக்களிலிருந்து வெள்ளை வேர்கள் அந்தரத்தில் இறங்கும். சில கணுக்களில் வாழைக்குப் பக்கக்கன்று போல ஒரு குட்டிச்செடியே முளைக்கும்.

அந்த வேரைக் கூர்ந்து பார்த்தால் கலவை பற்றிய பாதி விடை கிடைத்துவிடும். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம். தண்ணீர் தெளித்தால் கண்ணெதிரே பச்சையாகிவிடும். வேரைச் சுற்றி இறந்த செல்களாலான, பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. லத்தீனில் வெலாமென் என்பார்கள். போர்வை, முக்காடு என்ற பொருள் வரும். தமிழில் வேர்ப்போர்வை எனலாம். செல்களுக்குள் காற்று இருக்கும்போது ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் புகுந்ததும் போர்வை கண்ணாடி போலாகி, உள்ளேயிருக்கும் பச்சையம் தெரிகிறது. நனைந்த வெள்ளை வேட்டி உடம்பின் நிறத்தைக் காட்டுவதும் இதே வகைதான்.

கெர்ஹார்ட் ஸோட்ஸ், உவே விங்க்லர் என்ற இருவர் மரத்தில் தொற்றி வளரும் பல ஆர்க்கிட்டுகளின் வேரை நனைத்து எடை போட்டும், காயவிட்டு எடை போட்டும் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். போர்வை நிறையச் சில நொடிகள் போதும். காய்வதற்கு மணிக்கணக்கு ஆகும். அதாவது இந்த வேர் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிக்கிடக்கப் பிறந்ததல்ல. பெய்யும்போது சட்டென்று வாரிக்கொண்டு, பிறகு சில மணி நேரம் அதை வைத்து உண்ணும் வேர். மழை பெய்த அன்றே கண்மாயில் பிடித்து, ஆறு மாதம் வைத்துப் பிழைக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு இது அந்நியமான சங்கதி அல்ல.

அப்படியானால் கலவையின் வேலை இரண்டு. தண்ணீரை வைத்திருக்க வேண்டும். காற்றுக்கும் வழிவிட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் இருக்க முடியாதே என்று தோன்றும். இடைவெளியின் அளவு என்ற ஒன்றைப் புரிந்துகொண்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது நாம் அன்றாடம் பார்ப்பது. நூலிழைகளுக்கு நடுவேயுள்ள மெல்லிய சந்துகளில் திரவம் புவியீர்ப்பை மீறி ஏறுகிறது. பாடநூல்கள் இதை நுண்புழை ஏற்றம் என்கின்றன. பழைய நூல்களில் தந்துகி என்ற சொல் வரும். 1718இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் ஜூரின் பல பருமனுள்ள கண்ணாடிக் குழாய்களைத் தண்ணீரில் நிறுத்திப் பார்த்து ஓர் எளிய உறவைச் சொன்னார். குழாய் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கும். துளையின் குறுக்களவு 3 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம். 1 மில்லிமீட்டர் என்றால் மூன்று சென்டிமீட்டர். தலைமுடியைவிடச் சற்றே பருத்த 0.1 மில்லிமீட்டர் துளையில் முப்பது சென்டிமீட்டர்.

தொட்டிக்குள் இருக்கும் சந்துகள் ஒழுங்கான குழாய்கள் அல்ல. ஆனாலும் கணக்கின் போக்கு இதேதான். 15 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் கரிசல் மண்ணை நிரப்பினால் அதன் களிமண் துகள்கள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவை. அவற்றின் இடைவெளியும் அதற்கேற்ற நுணுக்கம். அந்தச் சந்துகளில் தண்ணீர் அடியிலிருந்து வாய்வரை தொங்கிக்கொண்டே நிற்கும். அடியில் எத்தனை ஓட்டை போட்டாலும் சொட்டாது. காய்ந்தால் கரிசல் சுருங்கி வெடித்துத் தொட்டிச் சுவரை விட்டு விலகும். அப்போது ஊற்றும் தண்ணீர் ஓரத்து வெடிப்பு வழியே வேரைத் தொடாமல் ஓடிவிடும். பருத்திக்கும் மல்லிக்கும் அருமையான மண், ஒரு தொட்டிக்குள் அடைபட்டால் இப்படித்தான் நடந்துகொள்ளும். அது மண்ணின் குற்றமில்லை. வயலில் அதற்குக் கீழே ஆழம் இருக்கிறது, தொட்டியில் இல்லை.

தொட்டியின் அடியில் வடியாமல் நிற்கும் இந்தத் தண்ணீருக்குத் தங்குநீர் என்று பெயர் வைப்போம். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு துண்டை நனைத்து, பிழியாமல், அகலவாட்டில் கொடியில் தொங்கவிடுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு அதே துண்டை நீளவாட்டில் தூக்கிப்பிடியுங்கள். நின்றுபோன சொட்டு மறுபடி தொடங்கும். துணியும் அதேதான், தண்ணீரும் அதேதான். உயரம் மட்டும் கூடியிருக்கிறது. கீழ்க்கரையில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மட்டுமே ஈரம் தொங்க முடியும், மிச்சம் வடிந்தாக வேண்டும். ஆகவே அகன்று குட்டையான தொட்டியில் தங்குநீரின் பங்கு அதிகம், உயர்ந்த தொட்டியில் குறைவு.

தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லு ஓர் அடுக்குப் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் உபாயம். ஆனால் நடப்பது வேறு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வால்டர் கார்ட்னர் 1959இல் கண்ணாடித் தடுப்புகளுக்கு நடுவே மண்ணை அடைத்து, அதில் தண்ணீர் இறங்குவதைப் படம்பிடித்து வேகமாக ஓட்டிக் காட்டினார். நுண்ணிய மண் வழியே இறங்கிய தண்ணீர், பருமணல் அடுக்கின் தலைமாட்டில் வந்ததும் நின்றுவிடுகிறது. மேலே உள்ள மண் முழுக்க நிறைந்து கனத்த பிறகே கீழே இறங்குகிறது. மெல்லிய சந்துகள் பிடித்திருக்கும் தண்ணீரை அகன்ற சந்துகளால் இழுத்துக்கொள்ள முடியாது. ஆக, சில்லு அடுக்கு தங்குநீரை நீக்குவதில்லை. அதைத் தூக்கி வேருக்கு அருகில் கொண்டுபோய் வைக்கிறது. ஓட்டை அடைபடாமலிருக்க ஒரே ஒரு சில்லு போதும்.

அப்படியானால் மொத்தத் தொட்டியையும் பெரிய துண்டுகளால் நிரப்பினால்? கொண்டைக்கடலையைவிடப் பெரிய, பாக்கைவிடச் சிறிய துண்டுகள் என்று வையுங்கள். நடுவே உள்ள சந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கும்; தங்குநீர் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். வேர் தாராளமாக மூச்சுவிடும். ஆனால் கூழாங்கல்லாக இருந்தால் ஊற்றியதெல்லாம் ஓடிவிடும், நம் சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் வேர் காய்ந்துவிடும். இங்கேதான் நரிக்குடி, திருச்சுழி, கமுதி வட்டாரத்துச் சொந்தச் சரக்கு ஒன்று கைகொடுக்கிறது. கரி.

சீமைக்கருவேலத்தை வெட்டி, கட்டைகளை அடுக்கி, மேலே புல்லும் ஈரமண்ணும் மூடி, உள்ளே தீ வைத்து, காற்றை அளந்துவிட்டு நாட்கணக்கில் புகையவிடுவதுதான் கரிமூட்டம். விழித்த கண்ணும் எரியும் நெஞ்சுமாக அதைக் காவல் காப்பவர்களின் உழைப்பை நம் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. காற்று கட்டுக்குள் இருப்பதால் மரம் சாம்பலாகாமல் கருகுகிறது. எளிதில் ஆவியாகக்கூடியவை போய்விட, கார்பன் கூடு மிஞ்சுகிறது. கவனிக்க வேண்டியது, மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் கொண்டுபோன குழாய்கள் அந்தக் கூட்டில் அப்படியே நிற்கின்றன என்பதை. கரித்துண்டைக் குறுக்கே உடைத்து, உடைந்த முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஊசி குத்தியது போலத் துளைகள் தெரியும். அவை முடியின் பருமனை ஒட்டியவை.

ஜூரினின் கணக்கை இங்கே போட்டுப்பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் துளை முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கும். துண்டோ ஒன்றரை சென்டிமீட்டர். அதற்குள் புகுந்த தண்ணீர் வடியவே வடியாது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவேயுள்ள சந்தில் தண்ணீர் நிற்காது. உள்துளையில் நீர், வெளிச்சந்தில் காற்று. ஒரே விதி இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது. ஒவ்வொரு துண்டும் தன்னளவில் ஒரு சின்னக் கண்மாய். வேர் அதன் கரையில் ஒட்டிக்கொண்டு, காற்றில் இருந்தபடியே குடிக்கிறது. கேரளத்திலும் சிங்கப்பூரிலும் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் கரியையும் செங்கல், ஓட்டுத் துண்டுகளையும் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது இதனால்தான் பலிக்கிறது.

கரியைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லப்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அது நஞ்சை எல்லாம் உறிஞ்சித் தண்ணீரைச் சுத்தமாக்கும் என்பார்கள். வடிகட்டிகளில் போடும் கரி, நீராவியாலோ வேதிப்பொருளாலோ தனியாகப் பக்குவப்படுத்தப்பட்டது. மூட்டத்துக் கரிக்கு அந்த ஆற்றல் சொற்பம். தொட்டியில் அதன் உண்மையான சிறப்பு துளையும் மட்காத தன்மையும். கடலைத்தோல் ஒரு மழைக்காலத்தில் மட்கிக் கூழாகும். தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு வருடம் தாங்கலாம். மட்கினால் துண்டு பொடியாகிறது, பொடி சந்தை அடைக்கிறது, காற்று போகிறது. நல்ல கலவை கெட்டுப்போவது பெரும்பாலும் சத்துக் குறைவால் அல்ல, சந்து அடைபடுவதால்.

இதே காரணத்தால் கரியைச் சலிக்காமல் போடக்கூடாது. ஒரு படி நெல்லிக்காயில் ஒரு படி கம்பைக் கொட்டினால் இரண்டு படி ஆகாது. கம்பு நெல்லிக்காயின் சந்துகளில் ஒளிந்துகொள்ளும். ஜல்லியில் மணலைச் சேர்த்துக் கொத்தனார் இறுக்கமான கான்கிரீட் போடுவது இந்த உண்மையை வைத்துத்தான். அவருக்கு வேண்டியது இறுக்கம், நமக்கு வேண்டியது அதன் எதிர். மூட்டம் பிரித்த இடத்தில் மிஞ்சிக்கிடக்கும் சின்னத் துண்டுகள் நமக்குச் சரியான அளவு. தூளைச் சலித்துக் கழித்துவிட வேண்டும். புதுக்கரி தண்ணீரில் மிதக்கும். துளைகளில் காற்று அடைந்திருப்பதுதான் காரணம். ஓரிரு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் துளை நிறையும், ஒட்டியிருக்கும் சாம்பலின் காரமும் போகும்.

நான் இப்போது வைத்திருப்பது மூன்று பங்கு கரி, ஒரு பங்கு செங்கல் துண்டு, ஒரு பங்கு ஊறவைத்துக் கழுவிய மட்டைத் துண்டு. செங்கல் எடைக்காக; தண்டு இடுப்புயரம் வந்தால் கரித்தொட்டி காற்றில் சாய்ந்துவிடும். மட்டை கோடைக்காக. மரக்கிளையில் தொங்கும் வாண்டா ஆர்க்கிட்டுக்கு இதுகூட அதிகம். ரோஜாவுக்கு இது மிகக் குறைவு. சரிவு மண்ணில் புல்லோடு வளர்ந்து பழகிய நாணல்தண்டுக்கு நடுத்தரம் ஒத்துப்போகிறது.

என் பங்குக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு லிட்டர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, ஓட்டையை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். ஊறிய கலவையை வாய்வரை நிரப்பி, கலவையின் தலை தொடும்வரை தண்ணீர் விடுங்கள். பிறகு விரலை எடுத்து, வடியும் தண்ணீரை அளவுக்குவளையில் பிடியுங்கள். வெளியேறிய தண்ணீரின் இடத்தில் காற்று புகுந்திருக்கிறது. 350 மில்லிலிட்டர் வடிந்தால் காற்றிடம் 35 விழுக்காடு. சாதாரணத் தொட்டி மண்ணில் இது 10, 20 என்றிருக்கும். கரிசலில் செய்து பார்த்தால் குவளையின் அடி நனைவதே பெரிது. எனக்கு ஆர்க்கிட் பற்றிய எந்தப் புத்தகமும் தராத தெளிவை இந்த டப்பா தந்தது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் தொட்டி வளர்ப்பைப் பேச முடியாது. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் நாக்கில் வைத்தாலே உவர்க்கும். தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். உப்பளத்தில் நடப்பதேதான், அளவுதான் சிறிது. கரியின் துளைகள் தண்ணீரைப் பிடிப்பது போலவே உப்பையும் பிடித்துவைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் வேரிலிருந்தே தண்ணீரை வெளியே இழுக்கும். ஊறுகாயில் மாங்காய் சுருங்குவதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே ஊற்றும்போது அடி ஓட்டையில் தாராளமாக ஓடும்வரை ஊற்ற வேண்டும்; அந்த ஓட்டம்தான் உப்பைக் கழுவுகிறது. மழைநீரைத் தேக்கும் ஊருணித் தண்ணீர் கிடைத்தால் செடிக்கு அதைவிட நல்லது இல்லை. உப்பைக் கழுவ வாரம் ஒருமுறை ஒரு குடம் போதும். தென்னை நார்க்கழிவையும் பலமுறை அலசாமல் சேர்க்காதீர்கள். அதுவே உப்போடு வருவது.

தொட்டி மண்தொட்டியாகவே இருக்கட்டும். மானாமதுரைப் பானையில் தண்ணீர் குளிர்வது சுவரில் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால். ஆடிக்காற்றின் வறட்சியில் அந்தக் குளிர்ச்சி வேருக்குக் கிடைக்கும். வேரின் சூடு இறங்கினால் ஆக்சிஜன் தேவையும் இறங்கும் என்பதை மேலே பார்த்தோம். பதிலுக்குத் தொட்டி சீக்கிரம் காயும். சித்திரை, வைகாசியில் இரண்டு வேளை ஊற்ற வேண்டியிருக்கும், பிற்பகல் வெயிலுக்கு வேப்பமர நிழலும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் சுவர் குளிர்விக்காது, கலவையும் காயாது. அப்போது காப்பாற்றுவது அகன்ற சந்துகள் மட்டுமே.

எப்போது ஊற்றுவது என்பதற்கு நாள்கணக்கு வேண்டாம். கணுவிலிருந்து இறங்கிக் கரியைப் பற்றிய ஒரு வேரைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஊற்றியதும் அது பச்சையாகும். மாலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளியாக மாறியிருந்தால் கலவையின் சந்து சரியாக இருக்கிறது, மறுநாள் காலை ஊற்றலாம். உச்சிப்பொழுதுக்கு முன்பே வெள்ளியாகிவிட்டால் மட்டைத் துண்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். மறுநாள் காலையிலும் பச்சையாகவே இருந்தால் செம்பைக் கீழே வைத்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து, எங்கே தூள் அடைத்திருக்கிறது என்று பாருங்கள்.